மின்சாரம் போனால் அம்மா வருவாள்

செம்மாண்டபாளையத்துக் குழந்தைகள் எழுத்தறிவதற்கு முன்பே அறிந்திருந்த பாடம் ஒன்று உண்டு. மின்சாரம் போனால் அம்மா வருவாள் என்பதே அது. வீட்டுக்கு வீடு விசைத்தறி ஓடுகிற ஊர் அது. இரவென்றும் பகலென்றும் பாராமல் ஓர் இரும்பு வாய் இரும்பையே மென்றுகொண்டிருப்பதுபோல ஊர் முழுதும் அடித்துக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்துக்குள் பிறந்தவர்கள் அந்தச் சத்தத்துக்குள்ளேயே பெண் பார்த்து, தாலி கட்டி, பிள்ளை பெற்று, ஒருவரோடொருவர் உதட்டசைவாலேயே பேசி முடித்து, செத்தும் போவார்கள். மின்சாரம் நின்றால் மட்டும் ஊரின் மூச்சே நின்றதுபோல் ஆகிவிடும். அந்த அமைதியில் முதலில் காகம் கேட்கும், அப்புறம் எங்கோ குழாய் சொட்டுவது கேட்கும், அதற்கும் அப்புறம் தெருவெங்கும் செருப்புகள் ஓடிவரும் ஓசை கேட்கும். தறியை அப்படியே விட்டுவிட்டுத் தாய்மார்கள் பாலர் பள்ளிக்கு ஓடிவரும் ஓசை அது.

அந்தப் பள்ளி, பழைய நூல் கிடங்கு ஒன்றில் தறி உரிமையாளர் சங்கம் நடத்தி வந்த பள்ளி. மின்சாரம் போனதும் ஜோதிலட்சுமி டீச்சர் இரும்புக் கதவைத் திறந்து வைப்பாள். வந்த தாய்மார்கள் ஆளுக்கொரு மூலையில் அமர்ந்து தம் பிள்ளைகளை மடியில் போட்டுக்கொள்வார்கள். மின்சாரம் திரும்பியதும் ஊர் மறுபடியும் அடிக்கத் தொடங்கும். அவர்கள் மறுபடியும் ஓடுவார்கள். அந்த நேரம் முதலாளிக்குச் சொந்தமல்ல, மாமியாருக்குச் சொந்தமல்ல, அடுப்புக்கும் சொந்தமல்ல. கடவுள் ஊரார் அறியாமல் தாய்மார் கையில் வைத்து அழுத்திவிட்டுப் போன நேரம் அது.

கந்தசாமி முதலாளியின் கொட்டகையில் தறி ஓட்டிய பரிமளாவுக்கும் அப்படியொரு மடியும், அந்த மடிக்குத் தர்ஷிகா என்றொரு நான்கு வயது மகளும் உண்டு. பரிமளாவின் தலைமயிர், புருவம், இமை எல்லாவற்றிலும் பஞ்சு படிந்திருக்கும். மகள் மடியிலேறி நின்று, அந்தப் பஞ்சை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்து, “இது மல்லிப்பூ, இது முல்லைப்பூ, இது பேரு தெரியாத பூ” என்று தாயின் உள்ளங்கையில் சேர்ப்பாள். பரிமளாவுக்குத் தறிச் சத்தத்தில் காது மந்தித்துப் போயிருந்ததால், மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டே அவள் கத்துவாள். “சோறு தின்னியா சாமி?” என்று அவள் கேட்டால் எதிர்வரிசைப் பிள்ளைகளும் சேர்ந்து “தின்னாச்சு!” என்பார்கள். தர்ஷிகா சிரித்துக்கொண்டே தாயின் உதடுகளை இரு விரலால் பிடித்து மூடுவாள். அந்த விரல்களில் பருப்புச்சோற்று வாசனை இருக்கும்.

இந்த நிலையில்தான் சங்கம் பள்ளிக்கு ஒரு தொலைக்காட்சிப் பெட்டியை வாங்கிக் கொடுத்தது. ஜோதிலட்சுமி டீச்சரைக் கெட்டவள் என்று எண்ணிவிடாதீர்கள். நாற்புறமும் தறி அடிக்க, நடுவில் நின்று ‘அம்மா, ஆடு, இலை’ என்று தொண்டை கிழியச் சொல்லிச் சொல்லி அவள் குரலில் இரத்தம் கட்டியிருந்தது. முதலில் மதியச் சோற்றுக்குப் பிறகு மட்டும் பெட்டியைப் போட்டாள், குழந்தைகள் அடங்கினார்கள். பிறகு சோற்றுக்கு முன்பும் போட்டாள், இன்னும் அடங்கினார்கள். பிறகு காலை வணக்கப் பாட்டு முடிந்த கையோடு போட்டுவிட்டு, தன் தொண்டைக்கு மிளகு கஷாயம் குடித்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தாள். சிலேட்டுகள் அலமாரிக்குப் போயின. முயல் யானையை ஏமாற்றுவதையும், பூனை எலியிடம் அடிபடுவதையும் பார்த்தபடி பள்ளி பகல் முழுதும் பிள்ளையார் கோயில் குளம்போல் அசையாமல் கிடந்தது. அமைதியைக் கண்டதும் அதை ஒழுக்கம் என்று நினைப்பது நம் ஊர்களின் பழைய நோய். செம்மாண்டபாளையமும் அப்படியே நினைத்தது.

ஆவணி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில் மின்சாரம் போயிற்று. காகம் கேட்டது, குழாய் கேட்டது, செருப்புகள் ஓடின. ஆனால் இரும்புக் கதவருகே ஒரு குழந்தைகூட நிற்கவில்லை. உள்ளே விளக்கில்லை, விசிறியில்லை; தொலைக்காட்சிப் பெட்டி மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அதில் முயலுமில்லை, யானையுமில்லை, பரிமளா இருந்தாள். கல்யாணத்துக்கு எடுத்த பச்சைப் பட்டுடுத்தி, தலை நிறையப் பூ வைத்து, மடியை விரித்து உட்கார்ந்திருந்தாள். பரிமளாவின் பக்கத்தில் மூச்சிரைக்க நின்ற, அடுத்த தறி ஓட்டுகிற மயிலாத்தாளைக் கேட்டால், பெட்டியில் இருந்தது மயிலாத்தாள் என்பாள். தாய்மார்களுக்கு அவரவர் உருவமும், பிள்ளைகளுக்கு அவரவர் தாயும் தெரிந்தார்கள். பிள்ளை பெறாத ஜோதிலட்சுமி டீச்சருக்கு மட்டும் அந்தக் கண்ணாடியில் துவைத்துக் காயப்போட்ட துணிபோல் ஒரு வெளிறிய வெளிச்சமே தெரிந்தது; அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

பெட்டியிலிருந்த பெண், காலைச் சூரியன் சுவரில் ஏறுவது போன்ற மெல்லிய குரலில், “கண்ணு, இன்னிக்கு என்ன நடந்துச்சு சொல்லு, கேக்கறேன்” என்றாள். அத்தனை பிள்ளைகளும் ஒரே நேரத்தில் தத்தம் கதையைச் சொன்னார்கள். ஒன்றைக்கூடத் தவறவிடாமல் அவள் கேட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து மின்சாரம் இருந்தாலும் போனாலும் பெட்டியில் அவளே இருந்தாள்.

ஊர் இதற்காக வாய்பிளக்கவில்லை. நூல் விலை ஏறுவதற்கும் இறங்குவதற்கும் அப்பால் எதற்கும் வாய்பிளந்து பழகாத ஊர் அது. பெட்டிக்கு ஒரு பொட்டு வைத்தார்கள். வெள்ளிக்கிழமைகளில் அதன் தலையில் ஒரு முழம் கதம்பம் விழுந்தது. மாமியார்கள் வந்து எட்டிப் பார்த்து, அங்கே மருமகள் தெரியாமல் தாங்களே இளமையாகத் தெரிவது கண்டு மகிழ்ந்து போனார்கள். தகப்பன்மார் தங்களை ஏன் காட்டவில்லை என்று கேட்டதற்கு, “ஊட்டுலயே உங்களைக் காணம், பொட்டியில எங்கீங்க காட்டறது?” என்றாள் மயிலாத்தாள். தறிக்கொட்டகையில் அதற்குச் சிரித்த சிரிப்பு உதட்டில் தொடங்கி உதட்டோடு போயிற்று.

“ஏம்புள்ள பரிமளா, பொட்டியில நீ எப்பிடியிருக்கறே?” என்று கேட்டாள் மயிலாத்தாள்.

“பச்சைப் பட்டுல இருக்கறேனுங்க்கா. தலையில பஞ்சே இல்லீங்க.”

“என்னைய என்ற கண்ணாலத்துல கூட அப்பிடி அலங்கரிக்கல போ. பொழைக்கத் தெரிஞ்ச பொம்பளை அவ. உக்காந்த இடத்துலயே புள்ளை வளத்தறா பாரு!”

அடுத்த மின்வெட்டுக்கும் பரிமளா ஓடினாள். தர்ஷிகா திரும்பிப் பார்த்து, “இரும்மா, அம்மா பேசிட்டிருக்குது” என்றாள். பரிமளாவுக்கு அது வேடிக்கையாக இருந்தது; அதை வீட்டில் கணவன் வேலுசாமியிடம் சொல்லிச் சிரித்தாள். அதற்கடுத்த மின்வெட்டில் கால் கொஞ்சம் வலித்தது. அங்கேதான் நான் இருக்கிறேனே, அதுவும் கத்தாத நான், களைக்காத நான் என்று எண்ணிக்கொண்டு, நூல் மூட்டையில் சாய்ந்து தேநீர் குடித்தாள். அவளைப் போலவே ஊரின் தாய்மார்கள் எல்லோரும், ஒருவரையொருவர் பாராமல், ஒரே வாரத்தில் மூட்டையில் சாய்ந்தார்கள். அவர்கள் சாய்ந்திருப்பதைக் கந்தசாமி முதலாளி பார்த்தார். “சும்மா உக்காந்துட்டு இருக்கறதுக்கு, அறுந்த பாவு நூலை எடுத்துக் கட்டிப் போடலாமில்ல அம்மிணி? கரண்டு வந்தா உடனே ஓட்டிக்கலாம்” என்று நயமாகத்தான் சொன்னார். யாரும் மறுக்கவில்லை. கடவுள் கையில் வைத்து அழுத்திய நேரம் அவ்வளவு எளிதாகக் கைமாறிற்று. பறித்தவரென்று எவரையும் சுட்ட முடியாது, ஏனென்றால் அது முதலில் கீழே வைக்கப்பட்டது, பிறகுதான் எடுக்கப்பட்டது.

இங்கே உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கன்று செத்துப்போன பசு பால் சுரக்காது. பால் வேண்டுமென்கிறவர்கள் செத்த கன்றின் தோலை உரித்து, அதில் வைக்கோலைத் திணித்து, நான்கு குச்சிகளைக் காலாக நட்டு, பசுவின் முன் நிறுத்துவார்கள். பசு அதை நக்கும். நக்கி நக்கிப் பால் சுரக்கும். அது பாவமென்று தெரிந்தே செய்கிறவர்கள், கறந்து முடித்ததும் அந்த வைக்கோல் கன்றைப் பசு பாராத இடத்தில் மறைத்து வைப்பார்கள். அந்த அளவு வெட்கமாவது அவர்களுக்கு உண்டு. ஆனால் கன்று உயிரோடிருக்க, பசுவும் உயிரோடு பக்கத்துக் கொட்டகையில் நிற்க, கன்றின் முன்னே வைக்கோல் திணித்த பசுவை நிறுத்திய ஊர் ஒன்று உண்டென்றால், அந்த ஊரை என்னவென்று சொல்வது? அதிலும், அந்தப் பசுவே வந்து தன் தோலைத் தானே கழற்றிக் கொடுத்ததென்றால்?

பிள்ளைகள் நல்ல பிள்ளைகள் ஆனார்கள். பெட்டித் தாய் சொல்லச் சொல்லச் சோற்றைச் சிந்தாமல் தின்றார்கள், மூக்கைத் துடைத்துக்கொண்டார்கள், படி ஏறி யார் வந்தாலும், “அத்தைக்கு வணக்கம் சொல்லு கண்ணு, மாமாவுக்கு வணக்கம் சொல்லு கண்ணு” என்ற அவள் குரலைக் கேட்டு, இரு கைகளையும் மார்புக்கு நேரே குவித்து ஒரே தாளத்தில் வணங்கினார்கள். சங்கத்துக்காரர்கள் வந்து பார்த்து நெகிழ்ந்தார்கள். அடம் பிடித்தல், மண்ணில் புரளுதல், கடித்தல், காரணமின்றி ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொள்ளுதல் ஆகிய எல்லாக் கெட்ட பழக்கங்களும் ஊரைவிட்டு நீங்கின.

பரிமளா முதன்முதலில் பயந்தது ஒரு மாலையில், அடுப்படியில். மகளைக் கூப்பிட்டாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த தர்ஷிகா அசையவில்லை. மறுபடி கூப்பிட்டாள். மகள் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டாள்.

“ஏஞ் சாமி, காது வலிக்குதா?”

“நீங்க கத்தறீங்க” என்றாள் தர்ஷிகா. தாயை அவள் ‘நீங்க’ என்றது அதுவே முதல் முறை.

“நா எப்பவும் இப்பிடித்தானே பேசுவேன்? நீதான் என்ற வாயைப் புடிப்பியே! வா, அம்மா தலையில எத்தனை பூ பாரு.”

மகள் அவள் தலையை வெகுநேரம் பார்த்தாள். “அம்மா தலையில பஞ்சு இருக்காது” என்று, திருத்தமாக, ஒரு விருந்தாளியிடம் வழி சொல்வதைப்போலச் சொன்னாள்.

“மாமா, புள்ளை என்னைய வேத்தாளாட்டம் பாக்குதுங்க” என்று வேலுசாமியிடம் அழுதாள். இரவுத் தறிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த வேலுசாமி, “பள்ளிக்கோடம் போனா மருவாதி வரும். நல்லதுதானே புள்ள?” என்றான். அவனும் நல்லவன்தான். இந்தக் கதையில் கெட்டவரைத் தேடாதீர்கள். தேடிக் கண்டுபிடித்து, அவர்மேல் பழியைப் போட்டுவிட்டு, நீங்கள் நிம்மதியாகத் தூங்கிவிடுவீர்கள்.

மறுநாள் பரிமளா பள்ளிக்குப் போனாள். “டீச்சர், உங்க காலைப் புடிச்சுக் கேக்கறேனுங்க, அதை நிறுத்திப் போடுங்க.”

ஜோதிலட்சுமி டீச்சர் அவளைப் பெட்டியின் பின்பக்கம் அழைத்துப் போனாள். அறுந்த வாலைப்போல மின்கம்பி தரையில் கிடந்தது. செருகும் முனையில் சிலந்தி கூடு கட்டியிருந்தது. “நான் எப்பவோ புடுங்கிட்டேன் பரிமளா. எனக்கும் பயமாத்தான் இருக்கு. அது எங்கிட்ட இருந்து கரண்டு எடுக்கல. எங்கிருந்து எடுக்குதுன்னு...” என்று தொடங்கியவள் பிள்ளைகளின் முகங்களைப் பார்த்தாள்.

பரிமளா, தன் தறியில் தானே ஓட்டிய காடாத் துணியைக் கொண்டுவந்து பெட்டியை மூடினாள். அத்தனை பிள்ளைகளும் ஒரே குரலில் அழுதார்கள். தறிச் சத்தத்தை மீறி அந்த ஊரில் கேட்ட முதல் ஒலி அந்த அழுகை. கொட்டகைதோறும் தறிகள் நிற்க, தாய்மார்கள் ஓடிவந்தார்கள். மின்சாரம் இருக்கும்போதே அவர்கள் ஓடிவந்தது அன்றொரு நாள்தான். வந்தவர்கள் தம் பிள்ளையைத் தூக்கியிருந்தால் இந்தக் கதை வேறு கதையாகியிருக்கும். அவர்கள் துணியைத் தூக்கினார்கள்.

“உனக்கு வேண்டாட்டி உன்ற புள்ளையக் கூட்டிட்டுப் போ” என்றாள் மயிலாத்தாள். சிரிப்பு மூட்டும் அவள் வாயில் அன்று சிரிப்பில்லை. “என்ற புள்ளைக்கு அவ வேணும். நா நாளெல்லா நின்னுட்டு வந்து, கடுப்புல நாலு சாத்து சாத்தறேன். அவ ஒருநாளும் கை ஓங்கினதில்லை. அவகிட்டயே இருக்கட்டும். என்னையக் காட்டிலும் நல்ல நானு அவ.”

பரிமளா மகளைக் கூட்டிக்கொண்டு போனாள். தறிக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தாள். மெதுவாகப் பேசிப் பார்த்தாள். எவ்வளவு மெதுவென்று தன் காதுக்குத் தெரியாததால் சில சமயம் குரலே எழவில்லை, சில சமயம் தெருவே திரும்பிப் பார்த்தது. பச்சைப் பட்டை எடுத்து உடுத்தினாள். அதன் ரவிக்கை இப்போது கை ஏறவில்லை. தலைக்குத் தண்ணீர் ஊற்றிப் பஞ்சைக் கழுவினாள். மகள் எதையும் எறியவில்லை, எதற்கும் அழவில்லை. பள்ளி இருக்கும் திசையில் முகத்தை வைத்துக்கொண்டு, வேறொருவர் வீட்டில் தங்க நேர்ந்த நல்ல குழந்தையைப்போல, சோறு வேண்டாமென்று தலையை மட்டும் அசைத்தாள். உதடு வெடித்தது. உடம்பு அனலாகக் கொதித்தது. மருத்துவரின் மருந்து வாயில் வைத்த இடத்திலேயே நின்றது. கடைசியில் பரிமளாவே அவளைத் தோளில் சாய்த்துப் பள்ளிக்குத் தூக்கிப் போனாள். பெட்டியில் இருந்த பெண், “ஏஞ் சாமி இத்தனை நாளா வல்ல? இந்தா, ஆ சொல்லு” என்றாள். தர்ஷிகா வாயைத் திறந்தாள். அந்த நொடியில் பரிமளாவின் கைதான் சோற்றை உள்ளே வைத்தது; மகள் தின்றாள், ஆனால் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே தின்றாள். கை யாருடையது என்று அவள் பார்க்கவில்லை.

மறுநாள் பரிமளா தறிக்குத் திரும்பினாள்.

கார்த்திகையில் மழை பிடித்தது. ஒரு பிற்பகலில் எங்கோ கம்பம் சாய்ந்து மின்சாரம் போயிற்று. காகம் கேட்டது. குழாய் கேட்டது. கொட்டகைகளில் பெண்கள் குனிந்து அறுந்த நூல்களைக் கட்டத் தொடங்கினார்கள். பரிமளா மட்டும் எழுந்தாள்.

“அம்மிணி, எங்கே?” என்றார் முதலாளி.

“கரண்டு போச்சுங்க” என்றாள். அவருக்கு அது பதிலாகத் தெரியவில்லை. ஒரு காலத்தில் ஊரில் எந்தக் குழந்தையும் புரிந்துகொண்டிருக்கும்.

வெறிச்சோடிய தெருவில் ஒற்றைச் செருப்புச் சோடி ஓடிற்று. இரும்புக் கதவை அவளே தள்ளித் திறந்தாள். நீல வெளிச்சத்தில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவள் அவர்களைத் தாண்டிப் போய், மகளுக்கும் பெட்டிக்கும் நடுவில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். கத்திவிடுவோமோ என்று பயந்து, கொட்டகையில் பேசுவதுபோல, உதட்டை மட்டும் அசைத்து, ‘அம்மா வந்துட்டேன் சாமி’ என்றாள். பிறகு தலையைக் குனிந்தாள். அன்றைக்கு வேண்டுமென்றே அவள் தலையைத் துடைக்கவில்லை; காலையிலிருந்து படிந்த பஞ்செல்லாம் அப்படியே இருந்தது, மல்லியும் முல்லையும் பேர் தெரியாத பூவுமாக.

ஊர் முழுதும் அமைதியாக இருந்தது. மழை ஓட்டின்மேல் மெல்லத் தட்டியது. தர்ஷிகா அந்தத் தலையைப் பார்த்தாள். அவள் நெற்றி சுருங்கியது, கனவில் கண்ட வீட்டின் வாசலைத் தேடுகிறவளைப்போல. அவள் வலது கை தரையை விட்டு எழுந்தது. கட்டை விரலும் சுட்டு விரலும், எதையோ கிள்ளி எடுக்கப் போவதுபோல, ஒன்றையொன்று தொட்டன. குனிந்த தலையின் வகிட்டில் அந்த விரல்களின் சூட்டைப் பரிமளா உணர்ந்தாள், பருப்புச்சோற்று வாசனை வந்தது.

பின்னாலிருந்து, காலைச் சூரியன் சுவரில் ஏறுவது போன்ற அந்தக் குரல், தன் குரல், தனக்கு ஒருபோதும் வாய்க்காத தன் குரல், கனிவாகச் சொன்னது:

“அத்தைக்கு வணக்கம் சொல்லு கண்ணு.”

எழுந்த கை நின்றது. பிறகு கீழே இறங்கி, இடது கையைத் தேடிக் கண்டுபிடித்து, அதனோடு சேர்ந்து மார்புக்கு நேரே குவிந்தது. “வணக்கம் அத்தை” என்றாள் தர்ஷிகா, கற்றுக் கொடுத்தபடி, ஒரு பிழையும் இல்லாமல்.

அப்போது மின்சாரம் வந்தது. தறிகள் எல்லாம் ஒரே நேரத்தில் அடிக்கத் தொடங்கின. மண்டியிட்டிருந்தவள் வாயைத் திறந்து என்னவோ கத்தினாள். அது என்னவென்று அவள் காதுக்கே கேட்கவில்லை. அவள் மறைப்பில் படம் தெரியவில்லை என்று, வரிசையிலிருந்த பிள்ளைகள் மரியாதையாக, சற்றே பக்கவாட்டில் நகர்ந்து உட்கார்ந்தார்கள்.